உண்ணி ஒரு குட்டிப் பருந்தா?

தொண்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். உணவுச் சங்கிலிப் பாடத்தில், கொன்று தின்னும் உயிருக்கு எடுத்துக்காட்டாகப் பருந்தையும் ஒட்டுண்ணிக்கு எடுத்துக்காட்டாக மாட்டுண்ணியையும் அவர் சொல்லியிருக்கிறார். ஆட்டுக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "ரெண்டுமே அடுத்த உசுரத் தின்னுதான டீச்சர் வாழுது? அப்ப உண்ணிங்கிறது ஒரு குட்டிப் பருந்துதான?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பு சிரித்துவிட்டது. ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. அளவைத் தவிர இவ்விரண்டுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு, எதை வைத்துப் பிரிப்பது என்று கேட்கிறார்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கடற்கரைக் கிராமங்களில் கால்நடை மருத்துவம் பார்த்தவன். பறவை பார்ப்பது பழக்கத்தால் வந்தது, ஏனெனில் விடியற்காலையில் மாடு பார்க்கப் போகிறவன் கண்ணில் பறவைகள் படாமல் இருக்க முடியாது. எனவே இரண்டு பக்கமும் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்ற துணிவில் விரிவாகவே எழுதுகிறேன். அந்தப் பையனின் கேள்வி பாதி சரியானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நம் மொழியே அவன் பக்கம் நிற்கிறது. உண்பது எதுவோ அது உண்ணி. இறைச்சி தின்னும் புலியையும் பருந்தையும் ஊனுண்ணி என்கிறோம், புல் மேயும் ஆட்டைத் தாவர உண்ணி என்கிறோம், மாட்டின் காதுமடலில் தொங்குவதற்கு மட்டும் எந்த அடைமொழியும் தராமல் வெறும் உண்ணி என்று பெயர் வைத்திருக்கிறோம். தின்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத உயிர் என்று பெயர் வைத்தவர் நினைத்திருப்பார் போலும். (மாட்டோடு திரியும் வெள்ளைக் கொக்குக்கு உண்ணிக்கொக்கு என்று பெயர். ஆனால் அது உண்ணியைக் கொத்துவதைவிட, மாட்டின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியைத்தான் மிகுதியாகத் தின்கிறது.) ஆகவே உண்பது என்ற அளவில் பருந்தும் உண்ணியும் ஒரே வரிசையில் நிற்பவைதாம். அவை எங்கே பிரிகின்றன என்றால், உணவாகப்போகும் உயிர் எப்போது செத்தால் உண்பவருக்கு நன்மை என்ற இடத்தில்.

குளிர்காலத்தில், ஐப்பசி முதல் பங்குனி வரை, தனுஷ்கோடிக்குப் போகும் சாலையை ஒட்டித் தேங்கிக் கிடக்கும் ஆழமற்ற கடல்நீரிலும் வாலிநோக்கம் உப்பளங்களை ஒட்டிய ஓடைகளிலும் நட்டு வைத்த கழிகளின் மேல் விராலடிப்பான் என்ற பருந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். விரால் நன்னீர் மீன். இங்கே கடலோரத்தில் விராலுக்கு எங்கே போவது? அது அடிப்பதெல்லாம் மடவையும் முரலும் போன்ற, மேல்நீரில் திரியும் மீன்களைத்தான். இந்தப் பறவையின் உணவு ஏறத்தாழ முழுவதும் மீனே. நீருக்கு மேல் சிறகடித்து ஓரிடத்தில் நின்று, மீனைக் குறிவைத்து, கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு விழும். ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் அதற்கு எட்டாது. வெளிவிரல் பின்னோக்கித் திரும்பக்கூடியது என்பதால் வழுக்கும் மீனை முன்னால் இரண்டு விரலும் பின்னால் இரண்டு விரலுமாக இறுக்கிப் பிடிக்கிறது. அடிக்காலில் முள்போன்ற செதில்கள் உண்டு, நீரில் பாயும்போது மூக்குத்துளைகள் மூடிக்கொள்ளும். பிடித்த மீனைத் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிக்கொண்டு பறப்பது காற்றின் தடையைக் குறைப்பதற்காக. இத்தனை ஏற்பாடும் ஒரு கணத்துக்கானவை. அந்தக் கணம் தவறினால் உணவு இல்லை, மறுபடியும் மேலே போக வேண்டும். அடித்ததெல்லாம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு காலைப்பொழுதில் ஐந்தாறு முறை விழுந்து வெறுங்காலோடு எழும் விராலடிப்பானை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது உண்ணியைப் பாருங்கள். பூச்சி என்று எழுதுகிறார்கள், அது தவறு. சிலந்தி, தேள் வகையைச் சேர்ந்தது, வளர்ந்ததற்கு எட்டுக் கால்கள். முட்டையிலிருந்து வந்த புதுக்குஞ்சுக்கு மட்டும் ஆறு கால்கள், அதை வைத்துத்தான் பலர் பூச்சி என்று ஏமாறுகிறார்கள். நம் மாடுகளில் மிகப் பரவலாக உள்ள ரிப்பிசெபாலஸ் மைக்ரோப்ளஸ் என்ற வகை ஒரே மாட்டின் மேல் மூன்று பருவங்களையும் கழித்துவிடும். ஆறுகால் குஞ்சாக ஏறி, இரத்தம் குடித்துத் தோலுரித்து எட்டுக்கால் இளம்பருவமாகி, மறுபடி குடித்துத் தோலுரித்து வளர்ந்ததாகி, கடைசி முறை குடித்துக் கீழே விழுவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது. அதன் முழு வாழ்நாளில் மூன்றே மூன்று வேளைச் சாப்பாடுதான்.

அந்தச் சாப்பாட்டு முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் வேறுபாடு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. உண்ணியின் வாய்ப்பகுதியில் இரண்டு வெட்டுக் கருவிகளும், அவற்றுக்குக் கீழே பின்னோக்கிய முட்கள் கொண்ட ஒரு தண்டும் இருக்கின்றன. தோலை அறுத்துத் தண்டை உள்ளே செருகிய பிறகு, பல வகை உண்ணிகள் உமிழ்நீரிலிருந்தே ஒரு வகைப் பசையைச் சுரந்து தம்மைச் சுற்றிக் காரை பூசியதுபோல் இறுக்கிக்கொள்கின்றன. அந்த உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்கள், இரத்தக்குழாயை விரிக்கும் பொருள்கள், வலியும் வீக்கமும் தோன்றாமல் தணிக்கும் பொருள்கள், மாட்டின் உடலில் உள்ள எதிர்ப்பு ஆற்றலை மழுக்கும் பொருள்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. ஒரு நேர்த்தியான அறுவைச் சிகிச்சைக்கு நாங்கள் ஆயத்தம் செய்வதைப்போல அது முதலில் தன் நோயாளியை மரக்க வைக்கிறது. பிறகு பல நாள்கள் மிக மெதுவாகக் குடிக்கிறது. கடைசி ஒரு நாளில்தான், பெரும்பாலும் இரவில், ஆமணக்குக் கொட்டை அளவுக்கு ஊதும் அந்தப் பெருங்குடிப்பு நடக்கிறது. உள்ளே போகும் இரத்தத்தில் அதற்குத் தேவை புரதமே, நீர் தேவையில்லை. அந்த நீரின் பெரும்பகுதியை உமிழ்நீராக மாட்டுக்குள்ளேயே திருப்பித் துப்பிவிடுகிறது. நோய்க் கிருமிகள் மாட்டுக்குள் போவதும் பெரும்பாலும் இந்த உமிழ்நீர் வழியாகத்தான்.

விராலடிப்பானுக்கு மீன் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நொடியும் இடைஞ்சல், ஏனெனில் துள்ளும், நழுவும், கனக்கும். உண்ணிக்கு மாடு உயிரோடு இருப்பதே வாழ்வு, அது சிலிர்த்துக்கொள்வதும் நக்குவதும் வாலால் அடிப்பதுமே இடைஞ்சல். பருந்தின் உடலில் உள்ளதெல்லாம் இரையை வெல்வதற்கான ஏற்பாடு. உண்ணியின் உடலில் உள்ளதெல்லாம் இரைக்குத் தெரியாமல் இருப்பதற்கான ஏற்பாடு. சார்லஸ் எல்டன் என்ற ஆங்கிலேயச் சூழலியலாளர் 1927-இல் இதை வணிகக் கணக்காகவே சொன்னார்: கொன்று தின்னும் உயிர் முதலைத் தின்கிறது, ஒட்டுண்ணி வருவாயைத் தின்கிறது. வட்டிக்கடைக்காரர்கள் நிறைந்த நம் பக்கத்து மாணவர்களுக்கு இந்த உவமை எளிதில் விளங்கும்.

அளவு என்பது இந்த வேறுபாட்டின் விளைவேயன்றி அதற்குக் காரணம் இல்லை. ஒன்றரைக் கிலோ எடையுள்ள விராலடிப்பான் பெரும்பாலும் 150 முதல் 300 கிராம் வரையுள்ள மீனைப் பிடிக்கிறது. தூக்கிக்கொண்டு பறக்க வேண்டுமானால் இரை தன்னைவிடச் சிறியதாக இருந்தாக வேண்டும். முட்டக் குடித்த பெண் உண்ணியின் எடை கால் கிராம் என்று வைத்துக்கொண்டு, மாட்டை 300 கிலோ என்று கொண்டால், உண்ணி தன்னைவிடப் பன்னிரண்டு இலட்சம் மடங்கு பெரிய உயிரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கொல்ல நினைக்காதவருக்குத்தான் இவ்வளவு பெரிய உணவு கட்டுப்படியாகும். இன்னொரு கணக்கும் உண்டு. நாளொன்றுக்கு 300 கிராம் மீன் என்றாலும் விராலடிப்பான் ஆண்டுக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்கிறது, ஆண்டு முழுவதும் எத்தனையோ மீன்களின் சாவு அதன் கணக்கில் சேர்கிறது. மாட்டுண்ணி வாழ்நாள் முழுவதும் ஒரே ஒரு மாட்டைத் தொடுகிறது, அதுவும் பெரும்பாலும் சாவதில்லை. இந்த இரண்டு அளவுகோல்களை, அதாவது ஒரு பருவத்தில் எத்தனை உயிரைத் தாக்குகிறது, தாக்கப்பட்டது சாகிறதா என்பவற்றை, வகுப்பில் கரும்பலகையில் எழுதிவிட்டால் கொசு, அட்டை, குளவி எல்லாவற்றையும் மாணவர்களே உரிய கட்டத்தில் வைத்துவிடுவார்கள். கொசு பலரைத் தாக்கும், யாரையும் கடியால் மட்டும் கொல்லாது. புழுவுக்குள் முட்டையிடும் குளவியின் குஞ்சு ஒரே ஓர் உயிரைத் தின்னும், ஆனால் உறுதியாகக் கொல்லும்.

தேடும் முறையைப் பற்றிச் சொல்லும்போது நாம் வழக்கமாக ஒரு தவறு செய்கிறோம். பருந்து தேடிப் போகிறது, உண்ணி காத்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மைக்ரோப்ளஸ் வகைக்கு அது உண்மைதான். குஞ்சுகள் புல்நுனிக்கு ஏறி, முன்னங்கால்களை நீட்டி அசைத்தபடி கூட்டமாகக் காத்திருக்கும். முன்னங்கால் நுனியில் ஹாலர் உறுப்பு என்ற ஒரு சிறு குழி இருக்கிறது. மாடு விடும் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவையும் உடல் நாற்றத்தையும் வெப்பத்தையும் அதைக் கொண்டே உண்ணி அறிகிறது. பல பருந்துகளின் கண்ணில் கூர்ந்து பார்க்கும் குழி ஒன்றுக்கு இரண்டாக இருக்கும், ஒன்று பக்கவாட்டுக்கு, ஒன்று முன்னுக்கு. பருந்துக்குக் கண்ணில் குழி, உண்ணிக்குக் காலில் குழி என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மரத்திலிருந்து உண்ணி தாவி விழுகிறது என்று சீமைக்கருவேலங் காட்டில் ஆடு மேய்ப்பவர்கள் சிலர் என்னிடம் உறுதியாகச் சொன்னதுண்டு. உண்ணிக்குத் தாவவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. கீழேயிருந்து தொற்றி மேலே ஏறுகிறது, கழுத்தில் ஊரும்போதுதான் மனிதனுக்குத் தெரிகிறது.

ஆனால் ஹையலோமா என்ற இனத்து உண்ணிகள் இந்தச் சுருக்கத்தைக் கலைத்துவிடுகின்றன. வறண்ட நிலத்துக்கு ஏற்ற இவற்றுக்குக் கண்கள் உண்டு, கால்களில் வெளிறிய வளையங்கள் உண்டு. அந்த இனத்தில் பல வகைகளின் வளர்ந்த உண்ணிகள் புல்நுனியில் காத்திருப்பதில்லை. மண்ணில் பதுங்கியிருந்து, மாடு நெருங்கியதை உணர்ந்ததும் வெளியே வந்து அதை நோக்கி ஓடுகின்றன. மணலில் தன்னை நோக்கி ஓடிவரும் உண்ணியைப் பார்த்தவனுக்கு 'வேட்டை' என்ற சொல்லைத் தவிர வேறு சொல் தோன்றாது. மறுபுறம், நம் ஊர்ப் புளியமரத்திலும் வேம்பிலும் உட்கார்ந்திருக்கும் வைரி என்ற சிறு பருந்தைப் பாருங்கள். இலை மறைவில் அசையாமல் இருந்து, ஓணானோ அணிலோ அருகில் வந்த பிறகுதான் பாய்கிறது. காத்திருப்பது உண்ணிக்கே உரிய குணமும் இல்லை, ஓடிப் பிடிப்பது பருந்துக்கே உரிய குணமும் இல்லை.

பருந்து முழு வேட்டைக்காரன், உண்ணி முழு ஒட்டுண்ணி என்ற எண்ணத்தையும் இந்தக் கடற்கரையே சரிசெய்துவிடும். ஆசிரியை ஒருநாள் காலையில் மாணவர்களைப் பாம்பனுக்கோ மண்டபத்துக்கோ மீன் இறங்கும் நேரத்தில் அழைத்துப்போனால் போதும். வானத்தில் வட்டமிடும் செம்பருந்துகளில் பெரும்பாலானவை எதையும் கொல்வதில்லை. வலையிலிருந்து உதறி எறியும் கழிவு மீனையும் நண்டையும் செத்து மிதப்பவற்றையும் பொறுக்குகின்றன. காக்கையின் அலகில் இருப்பதைப் பறிக்கின்றன. தம்முள்ளேயே ஒன்றையொன்று துரத்திப் பிடுங்குகின்றன. உழைத்து மீன் பிடித்து வரும் விராலடிப்பானைத் துரத்தி, அது மீனை நழுவவிடும்வரை விடாமல் தொல்லை கொடுப்பதில் வெண்வயிற்றுக் கடற்கழுகு பெயர் போனது. இறக்கை விரித்தால் இரண்டு மீட்டர் வரும் அந்தக் கழுகிடம் விராலடிப்பான் என்ன செய்ய முடியும்? பிறர் தேடியதைப் பறித்து உண்பதை உயிரியலார் திருட்டு ஒட்டுண்ணி வாழ்க்கை என்றே அழைக்கிறார்கள். குடமுழுக்கு நாளில் கோபுரத்துக்கு மேல் கருடன், அதாவது இந்தச் செம்பருந்து, வட்டமிட வேண்டும் என்று நாம் அண்ணாந்து காத்திருக்கிறோம், வட்டமிட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதே கருடன் மறுநாள் காலையில் மீன் ஏலக் கொட்டகையின் கூரையில் கழிவுக் கூடைக்காக உட்கார்ந்திருக்கும். இதைச் சொல்வதால் அதன் மதிப்புக் குறைவதாக நான் நினைக்கவில்லை. கரையைத் துப்புரவாக வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

உண்ணிப் பக்கத்திலும் இதே கதைதான். நாட்டுக்கோழிக் கூண்டின் பலகை இடுக்கிலும் மண்சுவர் வெடிப்பிலும் ஒரு மென்தோல் உண்ணி ஒளிந்திருக்கும். ஆர்கஸ் இனத்தைச் சேர்ந்த இதன் குஞ்சு மட்டும் சில நாள்கள் கோழியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்தது ஒட்டிக்கொண்டிருப்பதே இல்லை. இரவில் வெளிவந்து, கோழி உறங்கும்போது ஒரு மணி நேரத்துக்குள்ளேயே குடித்து முடித்து, விடிவதற்குள் இடுக்குக்குத் திரும்பிவிடும். இன்று ஒரு கோழி, அடுத்த முறை வேறொரு கோழி. உணவே கிடைக்காவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கோழிகளை எல்லாம் விற்றுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்துப் புதுக் கோழி வாங்கி அதே கூண்டில் அடைத்த ஓர் அம்மாவுக்கு, "நேத்துத்தான வாங்குனேன், அதுக்குள்ள எப்படி ஏறுச்சு?" என்ற கேள்விக்கு விடை சொல்ல எனக்கு நெடுநேரம் ஆயிற்று. அந்தக் கூண்டு உண்ணி ஒட்டுண்ணி என்பதைவிடக் கொசுவுக்கு நெருங்கியது. எனவே வேட்டை, ஒட்டு, திருட்டு, பொறுக்கல் என்பவற்றைச் செயல்களின் பெயராகக் கற்பிப்பது நல்லது. ஒரே உயிர் பருவத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப இரண்டு மூன்றைச் செய்யும்.

இதுவரை சொன்னதில் எல்லைக் கோடுகள் மங்கியிருக்கும். ஓர் இடத்தில் மட்டும் அவை மங்குவதே இல்லை. அது முட்டை. செம்பருந்து தென்னையிலோ சவுக்கிலோ கூடுகட்டிப் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும், ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கும், பறக்கும்வரை இரை கொண்டுவந்து ஊட்டும். கடற்கழுகும் இரண்டுதான் இடும், பல கூடுகளில் ஒரு குஞ்சே தேறும். மாட்டிலிருந்து விழுந்த பெண் உண்ணி ஈரமான நிழலைத் தேடி ஊர்ந்து, இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை முட்டையிட்டு, அத்தோடு செத்துப்போகிறது. குடித்த இரத்தத்தால் பெருத்த உடலின் எடையில் பாதி முட்டையாக மாறிவிடுகிறது. இரண்டிலும் பெண்ணே பெரியது என்பது ஒரு சுவையான ஒற்றுமை. உண்ணியில் அதற்குக் காரணம் வெளிப்படை, இத்தனை முட்டையைச் சுமக்க வேண்டும். பருந்தினத்தில் ஏன் என்பதற்கு உயிரியலார் இன்னும் ஒரே விடைக்கு வரவில்லை. நாலாயிரம் முட்டை ஏன் என்றால், புல்நுனியில் காத்திருக்கும் ஆறுகால் குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் பக்கம் மாடே வராது என்பதால்தான். நம் சித்திரை வெயிலில் அவை காய்ந்து சாகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கண்மாய்க் கரைப் புல்லில் மேய்ந்த மாட்டில்தான் உண்ணி மொய்ப்பதைப் பார்க்கிறோம். பருந்து ஒவ்வொரு குஞ்சின் மேலும் உழைப்பைக் கொட்டுகிறது. உண்ணி எண்ணிக்கையைக் கொட்டிவிட்டு மற்றதை விதியின் கையில் விட்டுவிடுகிறது.

இந்த முட்டைக் கணக்கு வெறும் பாடநூல் செய்தி இல்லை என்பதை மனிதன் நஞ்சு கலந்தபோது உலகமே பார்த்தது. உண்ணியை ஒழிக்க முதலில் ஆர்சனிக் கலந்த தொட்டியில் மாடுகளை முக்கினார்கள். 1930களிலேயே ஆஸ்திரேலியாவில் மாட்டுண்ணி அதற்கு அசராமல் நிற்கத் தொடங்கிவிட்டது. பிறகு டி.டி.டி. வந்தது, 1950களில் அதற்கும் பழகிக்கொண்டது. ஆண்டுக்குப் பல தலைமுறை, தலைமுறைக்கு ஆயிரக்கணக்கில் முட்டை என்றால், நஞ்சைத் தாங்கும் ஒன்றிரண்டு எங்காவது இருந்தே தீரும், அவற்றின் வழி வந்ததே அடுத்த கூட்டம். இதே டி.டி.டி. வயலிலிருந்தும் சதுப்பிலிருந்தும் மீனுக்குள் போய், மீனிலிருந்து பறவைக்குள் போய்ச் சேர்ந்தபோது விராலடிப்பானின் முட்டையின் ஓடு மெலிந்தது, அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடை தாங்காமல் உடைந்தது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்பறவை கிட்டத்தட்ட அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. 1972-இல் அங்கே டி.டி.டி. தடை செய்யப்பட்ட பிறகுதான் மெல்ல மீண்டது. நஞ்சுக்கு இலக்காக இருந்தது உண்ணியும் பூச்சியும், வீழ்ந்தது பருந்து. ஆண்டுக்கு இரண்டு மூன்று முட்டை இடும் உயிருக்குப் பழகிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை.

இதில் எங்கள் தொழிலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காய்ச்சலும் வலியும் உள்ள மாட்டுக்கு டைக்ளோஃபினாக் ஊசி போடுவது ஒரு காலத்தில் அன்றாட வழக்கம், நானும் கணக்கில்லாமல் போட்டிருக்கிறேன். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன என்பது 2004-இல் வெளியாயிற்று, 2006-இல் கால்நடைக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. நான் நல்லது செய்வதாக நினைத்துப் போட்ட மருந்து அது.

உண்ணியின் தீங்கு இரத்த இழப்பு மட்டும் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. ஒரு பெண் உண்ணி குடிப்பது அரை மில்லிலிட்டர் அளவில்தான், நூற்றுக்கணக்கில் ஏறினால்தான் மாடு மெலியும். ஆனால் ஒன்றிரண்டு கடித்தாலும் நோய் வரலாம். தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் அமெரிக்க மாடுகளைக் கொன்றுவந்த டெக்சாஸ் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று நிறுவினார்கள். கொசு மலேரியாவைச் சுமக்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 1897-இல். அந்தக் காய்ச்சல் கண்ட மாட்டின் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். நம் நாட்டு மாடுகள் ஓரளவு தாங்கும், ஜெர்சிக் கலப்பு மாடுகள் விரைவில் விழுந்துவிடும். எல்டன் சொன்ன வட்டிக் கணக்கு இந்த இடத்தில் பொய்த்துவிடுகிறது. வட்டி வாங்க வந்தவரோடு கூட வந்த வேறொருவர் முதலையே கொண்டுபோகிறார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்க்ரப் டைபஸ் நோயைச் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. அதைப் பரப்புவது இந்த உண்ணி இல்லை, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேனின் குஞ்சு. பெயர்க் குழப்பத்தால் மாட்டுக்கு மருந்தடித்துவிட்டு மனிதனைக் கவனிக்காமல் விட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறேன்.

பறவையும் உண்ணியும் சந்தித்த ஓர் இடமும் உண்டு. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகளும் மனிதர்களும் ஒரு புதுக் காய்ச்சலால் இறந்தபோது, அந்த வைரஸ் ருசியாவில் உண்ணி பரப்பும் ஒரு வைரஸுக்கு உறவு என்று தெரிந்தது. வலசை வரும் பறவைகள் தம் உடலில் உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தின் பேரில்தான் உலக நலவாழ்வு நிறுவனத்தின் உதவியோடு, சாலிம் அலி தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பறவைகளுக்குக் கால்வளையமிடும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. கோடியக்கரையில் நடந்த வளையமிடலுக்கும் அதுவே தொடக்கம். நம் கடற்கரைக்கு எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்று இன்று நாம் அறிந்திருப்பதில் ஒரு பகுதிக்கு ஓர் உண்ணியின் மேல் விழுந்த ஐயமே காரணம் என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். பருந்துக்கும் உண்ணி உண்டு, பேனும் உண்டு. தலைக்கு மேல் எதிரியே இல்லாத பறவையும் சிறகு கோதுவதில் பெரும்பொழுதைச் செலவழிப்பது அழகுக்காக மட்டும் என்று எண்ண வேண்டாம்.

அந்தப் பையனிடம் என்ன சொல்வது என்று ஆசிரியை கேட்டிருந்தார். சொல்வதைவிடக் காட்டுவது எளிது. மாட்டிலிருந்து தானாகக் கீழே விழுந்த, நன்றாகப் பருத்த உண்ணி ஒன்றை இடுக்கியால் எடுத்து, வாயில் துணி இறுகக் கட்டிய கண்ணாடிப் புட்டியில் ஈரப்பஞ்சோடு நிழலில் வைக்கச் சொல்லுங்கள். விரலால் நசுக்கக் கூடாது, தோலில் ஒட்டியதைத் தீக்குச்சியால் சுடவும் கூடாது. சுட்டால் அது உமிழ்நீரை இன்னும் உள்ளே தள்ளக்கூடும். நான்கைந்து நாளில் முட்டையிடத் தொடங்கும், இரண்டு வாரத்துக்கு விடாமல் இடும், பழுப்பு நிறக் கேழ்வரகுக் குவியல்போல் சேரும். மூன்று நான்கு வாரத்தில் பொரித்துவிடும் என்பதால், முட்டையிட்டு முடித்த உடனேயே ஸ்பிரிட்டை ஊற்றிவிடுங்கள், மறக்க வேண்டாம். பிறகு ஒரு தாளில் பரப்பி, குண்டூசி முனையால் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணச் சொல்லுங்கள். அவன் ஆயிரத்தைத் தாண்டும் வேளையில், பள்ளிக்கு அருகில் செம்பருந்துக் கூடு உள்ள தென்னை எது, அதில் இந்த ஆண்டு எத்தனை குஞ்சு பறந்தது என்று அவனிடமே கேளுங்கள். ஆட்டுக்காரர் வீட்டுப் பையன் என்றால் அவனுக்கு அந்த மரம் தெரிந்திருக்கும்.